சுகர் கேம்ப்புக்குப் போனால் பிரயோஜனம் உண்டா? (பெங்களூர் அல்சூரில் ஞாயிறு முகாம்)

அல்சூர்வாசி | வியாழன், இரவு 10:40

வருகிற ஞாயிறு, எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் இலவச சர்க்கரை நோய் முகாம். குடியிருப்போர் சங்கமும் ஒரு தனியார் ஆஸ்பத்திரியும் சேர்ந்து நடத்துகிறார்கள். சுகர், பிபி, எடை, கண் பரிசோதனை, பாதப் பரிசோதனை, உணவு ஆலோசனை என்று நோட்டீஸில் போட்டிருக்கிறது. அடியில் பொடி எழுத்தில், மாஸ்டர் செக்கப்புக்குப் பாதி விலைக் கூப்பன்.

அப்பாவுக்கு 70 வயது. சுகர் வந்து பதினைந்து வருஷம் இருக்கும். மாத்திரையை ஒழுங்காகப் போடுவார், டாக்டரிடம் மட்டும் போக மாட்டார். பழைய சீட்டையே காட்டி மெடிக்கலில் வாங்கிக்கொள்வார். எனக்கு 41. இதுவரை சோதித்ததே கிடையாது. ஞாயிற்றுக்கிழமைக் காலையை இதற்குக் கொடுக்கலாமா? இல்லை, ஆள் பிடிக்கிற வேலைதானா? போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

எண்ணிக்கைப்பித்தன் | வியாழன், இரவு 11:15

கூப்பனைப் பார்த்த பிறகும் கேள்வியா? ஆள் பிடிக்கிற வேலைதான். உங்கள் போன் நம்பர்தான் அவர்களுக்கு வேண்டும். ஐம்பது ரூபாய்கூடப் பெறாத ஒரு சுகர் பார்க்கிற ஸ்ட்ரிப்பைச் செலவழித்து ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்கிறார்கள்.

அதை விடுங்கள், நல்ல எண்ணத்தோடு நடத்தினாலும் பலன் உண்டா என்பதே சந்தேகம். இங்கிலாந்தில் அடிஷன் கேம்பிரிட்ஜ் என்று ஓர் ஆய்வு செய்தார்கள். முடிவு 2012இல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 40 முதல் 69 வயதுக்குள், சுகர் வர வாய்ப்பு அதிகம் உள்ள சுமார் 20,000 பேர். ஒரு பகுதி கிளினிக்குகளில் இவர்களைக் கூப்பிட்டுச் சோதித்தார்கள், மற்ற கிளினிக்குகளில் கூப்பிடவில்லை. பத்து வருஷம் போல் கவனித்துப் பார்த்ததில் இரண்டு பக்கமும் சாவு விகிதத்தில் வித்தியாசம் இல்லை. அவ்வளவு ஒழுங்காக நடந்த சோதனைக்கே அந்த முடிவு என்றால் கல்யாண மண்டபத்தில் மேஜை போட்டுக் குத்துவதற்கு என்ன பலன் இருக்கப் போகிறது?

காக்ஸ்டவுன் பாட்டி | வெள்ளி, காலை 6:05

காலையில் எழுந்ததும் சாவு விகிதமா! தம்பி, நீங்கள் அப்பாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். நவம்பர் 14 வந்தால் எங்கள் பக்கம் தெருவுக்குத் தெரு கேம்ப் போடுவார்கள். இன்சுலின் கண்டுபிடித்த பான்டிங்கின் பிறந்தநாளாம் அது, நம் ஊரில் குழந்தைகள் தினமும் அன்றைக்குத்தான். நான் தவறாமல் போவேன். சும்மா உட்கார்ந்திருப்பதற்கு நாலு பேரைப் பார்த்த மாதிரியும் ஆயிற்று, பிபி பார்த்த மாதிரியும் ஆயிற்று. கூப்பனை அங்கேயே குப்பைத் தொட்டியில் போட்டுவிடுவேன். யாரும் கையைப் பிடித்து இழுக்கவில்லை.

ஊசிமுனை | வெள்ளி, காலை 8:30

நான் லேப் டெக்னீஷியன். இந்த மாதிரி முகாம்களில் மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து விரலில் குத்துகிற ஆசாமி. அதனால் உள்ளே நடப்பதைச் சொல்கிறேன்.

கேள்வியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். உங்கள் அப்பாவுக்கு முகாம் எதற்கு, உங்களுக்கு எதற்கு என்று தனித்தனியாக.

அப்பாவுக்கு சுகர் இருப்பது தெரிந்த விஷயம். அங்கே ஒரு சொட்டு ரத்தம் எடுத்து 212 என்று சொன்னால் அதில் புதுச் செய்தி ஒன்றும் இல்லை. சாப்பிட்டு எவ்வளவு நேரமாயிற்று, மாத்திரை போட்டாரா என்று யாரும் குறிக்கக்கூட மாட்டார்கள். அவருக்குப் பார்க்க வேண்டியவை வேறு: கண்ணின் விழித்திரை, பாதத்தில் உணர்ச்சி, சிறுநீரில் புரதம், கிட்னி எப்படி இருக்கிறது என்று காட்டும் கிரியாட்டினின், அப்புறம் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி. பதினைந்து வருஷ சுகருக்கு இவையெல்லாம் வருஷத்துக்கு ஒரு முறையாவது நடந்திருக்க வேண்டும். முகாமில் இதில் எத்தனை கிடைக்கிறது என்பதை வைத்துத்தான் போகலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும். நோட்டீஸில் இருக்கும் நம்பருக்குப் போன் போட்டு, "விழித்திரையைப் படம் எடுப்பீர்களா, போர்டில் எழுத்து மட்டும் படிக்கச் சொல்வீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பல முகாம்களில் கண் பரிசோதனை என்றால் கண்ணாடிக்கு நம்பர் பார்ப்பதுதான். எழுத்தெல்லாம் தெளிவாகப் படிப்பவருக்கும் உள்ளே விழித்திரை கெட்டுப்போய் இருக்கலாம். ஆரம்பத்தில் அது எந்த அறிகுறியும் காட்டாது.

உங்களுக்கு வருவோம். 41 வயது, அப்பாவுக்கு சுகர், சோதித்ததே இல்லை. முகாம் உண்மையிலேயே உங்களைப் போன்றவர்களுக்குத்தான். ஆனால் விரலில் குத்திப் பார்க்கிற குளுக்கோமீட்டர் நம்பரை வைத்து சுகர் இருக்கிறது என்றோ இல்லை என்றோ முடிவு கட்டக் கூடாது. நல்ல மீட்டரே, அளவு 100க்கு மேல் போனால், 15 சதவீதம் வரை முன்னே பின்னே காட்டலாம் என்று சர்வதேசத் தரமே விட்டுக்கொடுத்திருக்கிறது. அதாவது லேபில் 140 வருகிற ரத்தம் மீட்டரில் 120 என்றும் வரலாம், 160 என்றும் வரலாம்.

இன்னொன்று, கை. போன வருஷம் ஒரு முகாமில் ஒருவருக்கு 260 வந்தது. மனுஷனுக்கு முகமே வெளுத்துவிட்டது. பார்த்தால் வாசலில் கொடுத்த பப்பாளித் துண்டை ஒரு கையில் பிடித்துத் தின்றுகொண்டே வரிசையில் வந்திருக்கிறார். சோப்புப் போட்டுக் கழுவிவரச் சொல்லி வேறு விரலில் எடுத்தேன். 118. பழச்சாறு விரலில் ஒட்டியிருந்தால் மீட்டருக்கு அது ரத்தச் சர்க்கரையா பழச் சர்க்கரையா என்று தெரியாது. ஸ்பிரிட் பஞ்சால் லேசாகத் துடைப்பது போதாது, தண்ணீரில் கழுவ வேண்டும்.

கேப் ஓட்டி | வெள்ளி, காலை 9:50

ஊசிமுனை சார் சொன்னது சரி. ஒரு நொடி ஸ்பீடோமீட்டரை எட்டிப் பார்த்துவிட்டு வண்டி என்ன மைலேஜ் கொடுக்கிறது என்று சொல்ல முடியுமா?

ஆனாலும் நான் போவேன். நான் ராத்திரி ஏர்போர்ட் சவாரி ஓட்டுகிறவன். சாப்பாடு பதினோரு மணிக்கோ ஒரு மணிக்கோ, தேவனஹள்ளி பக்கம் வண்டி நிற்கிற இடத்தில். காலை எட்டு மணிக்குத் தூங்கப் போகிறவன் லேபில் போய் "வெறும் வயிறு" என்று நிற்பது எப்படி? கிளினிக்கில் காத்திருந்தால் அன்றைய தூக்கம் போச்சு. ஞாயிற்றுக்கிழமை கேம்ப் ஒன்றுதான் எனக்கு வாய்க்கிறது. என் மாதிரி ஆட்களுக்கு வேறு வழி இருந்தால் சொல்லுங்கள்.

ஊசிமுனை | வெள்ளி, காலை 10:20

எச்பிஏ1சிக்கு வெறும் வயிறு தேவையில்லை சார். எந்த நேரத்திலும் ரத்தம் கொடுக்கலாம். ஷிப்ட் வேலைக்காரர்களுக்கு அதுதான் வசதி. 5.7க்குக் கீழே என்றால் சுகர் இல்லை. 5.7 முதல் 6.4 வரை எல்லைக் கோட்டில் இருக்கிறீர்கள். 6.5, அதற்கு மேல் சுகர். வெறும் வயிற்று அளவு என்றால் 100க்குக் கீழே சரி, 126, அதற்கு மேல் என்றால் சுகர். அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரே சோதனையில் முத்திரை குத்த மாட்டார்கள், இன்னொரு முறை எடுத்து உறுதி செய்ய வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. ரத்தசோகை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எச்பிஏ1சி ஏமாற்றும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டலாம். சமீபத்தில் ரத்தம் ஏற்றிக்கொண்டவர்களுக்கும் நம்ப முடியாது.

மூலிகைக் குடில் | வெள்ளி, மதியம் 12:02

முகாமும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம் உறவுகளே! நாவல்கொட்டை, சிறுகுறிஞ்சான், வெந்தயம் கலந்த எங்கள் சூரணம் 90 நாளில் சர்க்கரையை வேரோடு அறுக்கும். கொரியர் இலவசம். விவரத்துக்குத் தனிமடல் அனுப்பவும்.

மட்டுறுத்துநர் | வெள்ளி, மதியம் 12:30

மேலே உள்ள உறுப்பினரின் கணக்கு முடக்கப்பட்டது. பதிவை மட்டும் விட்டுவைக்கிறோம், பாடமாக இருக்கட்டும் என்று. சர்க்கரை நோயைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வது 1954ஆம் வருஷத்து மருந்துகள், மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். அந்தச் சட்டத்தின் அட்டவணையிலேயே நீரிழிவு இருக்கிறது.

காக்ஸ்டவுன் பாட்டி | வெள்ளி, மதியம் 1:10

இந்தச் சூரணக்காரர்கள் கேம்ப்பிலும் கடை போடுவார்கள். ஒரு பக்கம் டாக்டர், ஒரு பக்கம் சூரணம், நடுவில் "சுகர் ஃப்ரீ" பிஸ்கட். பிஸ்கட் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் முதல் பொருள் மைதா. சர்க்கரைதான் இல்லை, மாவு முழுக்க மாவுதான். போன தடவை ராகி மால்ட் ஒரு கப் சுடச்சுடக் கொடுத்தார்கள். ராகி நல்லதுதான். ஆனால் நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சி, வெல்லமும் போட்டு, சுகர் கேம்ப் வாசலில் கொடுத்தால் எப்படி?

எண்ணிக்கைப்பித்தன் | வெள்ளி, மதியம் 2:45

பாட்டி என் கட்சிக்கு வந்துவிட்டீர்கள் போலிருக்கிறதே. ஊசிமுனை, நீங்கள் சொன்னவை எல்லாமே லேபில் நானூறு ஐநூறுக்குக் கிடைக்கும் சோதனைகள். அதற்கு எதற்கு மண்டபம், மைக், பலூன்?

விழித்திரை | வெள்ளி, மாலை 6:20

அடிஷன் ஆய்வைப் பற்றி ஒரு வார்த்தை. நான் கண் ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், புள்ளிவிவரம் என் துறை இல்லை, ஆனால் அந்தக் கட்டுரையைப் படித்திருக்கிறேன். இங்கிலாந்தில் ஆளுக்கு ஒரு குடும்ப டாக்டர் உண்டு. சோதனைக்குக் கூப்பிடாவிட்டாலும் வேறு எதற்காவது போகும்போது அவர் சுகரும் பார்த்துவிடுவார். கூப்பிட்டுச் சோதித்த இடத்திலும் நூற்றுக்கு மூன்று நாலு பேருக்குத்தான் புதிதாக நோய் கிடைத்தது. இங்கே நிலைமை அதுவா? இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் (INDIAB) ஆய்வு 2023இல் வெளியானது. நாட்டில் 10.1 கோடி பேருக்கு சுகர், இன்னும் 13.6 கோடி பேர் எல்லைக் கோட்டில் என்று கணக்கு. தமிழ்நாட்டில் மட்டும் பெரியவர்களில் 14.4 சதவீதம். நாம் பெங்களூருக்கு வந்துவிட்டதால் நம் ரத்தம் மாறிவிடவில்லை.

எங்களிடம் வருபவர்களில் மனசைப் பிசைகிற வகை ஒன்று உண்டு. "ஒரு கண்ணில் சிலந்தி வலை மாதிரி தெரிகிறது" என்று வருவார்கள். பார்த்தால் உள்ளே ரத்தக்கசிவு. சுகர் இருக்கிறதா என்று கேட்டால் தெரியாது என்பார்கள். அன்றைக்குத்தான் சோதித்து, 300க்கு மேல் இருப்பதைச் சொல்வோம். சாவு விகிதத்தில் இந்தக் கண் வராது. கண்ணும் காலும் கிட்னியும் போவது சாவதற்கு முந்தைய கதை.

அல்சூர்வாசி, அப்பாவுக்கு விழித்திரைப் படம் எடுப்பார்களா என்று கட்டாயம் கேளுங்கள். சில கேமராக்களுக்குச் சொட்டு மருந்து தேவையில்லை. கண்புரை இருந்தால் சொட்டு விட்டுத்தான் பார்க்க முடியும். விட்டால் நாலைந்து மணி நேரம் வெளிச்சம் கூசும், அவரை வண்டி ஓட்ட விடாதீர்கள். முகாமில் இல்லையென்றால் விக்டோரியா ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் மின்டோ அரசு கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. கூட்டம் இருக்கும், காலையிலேயே போக வேண்டும்.

ஓசூர் எல்லை | வெள்ளி, இரவு 9:00

எங்கள் பக்கம் இந்தக் கேள்வியே எழாது. மக்களைத் தேடி மருத்துவம் என்ற தமிழ்நாடு அரசுத் திட்டத்தை 2021 ஆகஸ்டில் எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்தில்தான் தொடங்கினார்கள். சுகர், பிபி மாத்திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். அம்மாவுக்கு அப்படித்தான் வருகிறது. சுகர் பார்க்கிற பெண் அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவாள், மாத்திரை மிச்சம் இருந்தால் ஏன் போடவில்லை என்று சண்டை போடுவாள்.

கேப் ஓட்டி | வெள்ளி, இரவு 11:30

இங்கேயும் வார்டுக்கு வார்டு நம்ம கிளினிக் என்று அரசு கிளினிக் இருக்கிறது அண்ணே. சில பரிசோதனை இலவசம். 30 வயது தாண்டினவர்களுக்கு சுகர், பிபி பார்ப்பது அரசாங்கத் திட்டத்திலேயே உண்டு. என் அக்கா அங்கேதான் மாத்திரை வாங்குகிறாள். ஆனால் எனக்குத் தூக்கம் கலைகிற நேரத்துக்கு அவர்கள் பூட்டுப் போட்டுவிடுகிறார்கள்.

ஊசிமுனை | சனி, காலை 7:45

அல்சூர்வாசிக்கு ஒரு வீட்டுப்பாடம். முகாமுக்குப் போவதற்கு முன்னால் ஒரு இன்ச் டேப் எடுத்து இடுப்பை அளங்கள். சென்னையில் டாக்டர் வி. மோகனின் ஆராய்ச்சி நிலையம் 2005இல் ஒரு மதிப்பெண் முறையை வெளியிட்டது. ஊசியே வேண்டாம். வயது 35க்குக் கீழே என்றால் 0, 35 முதல் 49 வரை 20, 50 தாண்டினால் 30. ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டருக்குள் என்றால் 0, 90 முதல் 99 வரை 10, அதற்கு மேல் 20. பெண்களுக்கு இதே கணக்கு 80இல் ஆரம்பிக்கும். உடற்பயிற்சியும் இல்லை, உட்கார்ந்த வேலை என்றால் 30. பயிற்சியோ உடலுழைப்போ ஏதாவது ஒன்று இருந்தால் 20, இரண்டும் இருந்தால் 0. அம்மா அப்பாவில் ஒருவருக்கு சுகர் என்றால் 10, இருவருக்கும் என்றால் 20. கூட்டிப் பாருங்கள். 60, அதற்கு மேல் வந்தால் ரத்தம் சோதித்தே ஆக வேண்டும்.

இன்னொன்று, மறந்துவிடப் போகிறேன். அப்பா கிளைமிபிரைடு மாதிரி மாத்திரை போடுகிறவர் என்றால் அதைப் போட்டுவிட்டு வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்க வைத்துவிடாதீர்கள். பத்து மணிக்குச் சர்க்கரை இறங்கி மயக்கம் போட்டு விழுந்த பெரியவர்களை நான் முகாமிலேயே பார்த்திருக்கிறேன். சாப்பிட்டுவிட்டே வரட்டும், பையில் ரெண்டு மிட்டாய் இருக்கட்டும். அப்புறம் குத்துகிற ஊசி ஒவ்வொருவருக்கும் புதிதாகப் பிரிக்கிறார்களா என்று கண்ணால் பாருங்கள். பேனா மாதிரி இருக்கிற கருவியையே வரிசையாக எல்லாருக்கும் வைத்தால் கையை நீட்டாதீர்கள். மஞ்சள் காமாலை பி வகை அப்படிப் பரவியிருக்கிறது.

அல்சூர்வாசி | சனி, இரவு 8:10

வயது 20, இடுப்பு 94 அதற்கு 10, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்த வேலைக்கு 30, அப்பாவுக்காக 10. மொத்தம் 70. மனைவி டேப்பைப் பிடுங்கி மறுபடி அளந்து 96 என்கிறாள், எப்படியும் அதே 10தான். போகிறோம்.

அல்சூர்வாசி | ஞாயிறு, மாலை 5:30

போய் வந்தோம். நல்லதும் கெட்டதுமாகச் சொல்கிறேன்.

முதல் மேஜையில் பெயர், போன் நம்பர், இன்சூரன்ஸ் இருக்கிறதா. சுகரைப் பற்றி ஒரு கேள்வி இல்லை. பித்தன் சார் சிரிக்கலாம். ரத்தம் எடுத்த பையன் ஒழுங்கு. புது ஊசி, மஞ்சள் டப்பாவில் போட்டான். எனக்கு 168. இட்லி சாப்பிட்டு ஒரு மணி நேரம்தான் ஆகியிருந்தது, அதனால் நல்லதா கெட்டதா என்று அவனாலும் சொல்ல முடியவில்லை. கண் பரிசோதனை, ஊசிமுனை சொன்னபடியே எழுத்து போர்டு. அப்பா கடைசி வரி வரை படித்துவிட்டு ஜெயித்த மாதிரி திரும்பிப் பார்த்தார்.

பாதத்துக்கு ஒரு சின்னப் பெண் இருந்தாள். பிளாஸ்டிக் பிடியில் செருகிய ஒரு நைலான் நரம்பு. அப்பாவைக் கண்ணை மூடச் சொல்லி, அந்த நரம்பு லேசாக வளைகிற அளவுக்குப் பாதத்தில் வைத்து அழுத்தி, பட்டால் "ம்" சொல்லுங்கள் என்றாள். அப்பா இரண்டு மூன்று "ம்" சொன்னார். கட்டைவிரலுக்குக் கீழே வைத்தாள், சத்தமில்லை. நடுவிரலுக்குக் கீழேயும் இல்லை. கண்ணைத் திறந்து "ஏம்மா, நீ தொடவே இல்லையே" என்று அவளை அதட்டினார். அவள் கண்ணைத் திறந்தே பார்க்கச் சொல்லி அதே இடத்தில் மறுபடி அழுத்திக் காட்டினாள். நரம்பு வளைவது தெரிகிறது, அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அதற்கப்புறம் ஆள் வாயே திறக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் தானாகவே, "வெறுங்காலோடு கோயிலைச் சுற்றக் கூடாது என்கிறாளே" என்றார். பதினைந்து வருஷமாக நான் சொல்லி நடக்காதது.

உணவு ஆலோசனை சுத்த வேஸ்ட். கன்னடத்திலும் ஆங்கிலத்திலும் அச்சடித்த ஒரு தாள். ஓட்ஸ், பிராக்கோலி, ஆலிவ் எண்ணெய். காலையில் இட்லி எத்தனை என்று கேட்டதற்கு "குறைத்துக்கொள்ளுங்கள்" என்றார் அந்த அம்மா.

காக்ஸ்டவுன் பாட்டி | ஞாயிறு, மாலை 6:15

அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். பிராக்கோலியை நான் ரஸ்ஸல் மார்க்கெட்டில் விலை மட்டும் கேட்டுவிட்டு வருவேன். அவரைக்காய், முருங்கைக்கீரை, கொள்ளு, வாழைப்பூ என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றாது. ஒரு கை சோறு, ரெண்டு கை காய் என்று சொன்னால் எந்தப் பாஷைக்காரருக்கும் புரியும்.

எண்ணிக்கைப்பித்தன் | ஞாயிறு, இரவு 7:40

நான் சிரிக்கவில்லை. பாதச் சோதனை உபயோகமானது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கவனியுங்கள்: பதினைந்து வருஷ சுகர் பேஷண்ட் ஒருவருக்கு அந்த நைலான் நரம்பை எந்த டாக்டரும் இதுவரை வைத்துப் பார்க்கவில்லை. அது முகாமின் பெருமையா, மற்ற இடங்களின் லட்சணமா? இன்றைக்கு அங்கே நூறு பேருக்கு 200க்கு மேல் வந்திருந்தால் அதில் எத்தனை பேர் அடுத்த வாரம் லேபுக்குப் போவார்கள் என்று யாராவது எண்ணுகிறார்களா? எண்ணாத முகாமுக்கு நான் மார்க் போட மாட்டேன்.

ஊசிமுனை | ஞாயிறு, இரவு 8:55

இதில் பித்தன் சார் பக்கம்தான் நானும். நாங்கள் மண்டபத்தைக் காலி செய்யும்போது மேஜைக்கு அடியில் சீட்டுகள் கிடக்கும். 240, 310 என்று எழுதிய சீட்டு. அதற்குரியவர் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிட்டுப் போயிருப்பார். ஆஸ்பத்திரிக்காரர்கள் எல்லாரையும் போனில் கூப்பிடுகிறார்களே தவிர, செக்கப் பேக்கேஜ் விற்கத்தான் கூப்பிடுகிறார்கள். அதே போனில் "உங்களுக்கு 310 இருந்தது, டாக்டரைப் பார்த்தீர்களா?" என்று கேட்க ஒரு நிமிஷம் ஆகாது.

அல்சூர்வாசி | வியாழன், இரவு 9:20

லேபில் பார்த்தாயிற்று. எனக்கு வெறும் வயிற்றில் 118, எச்பிஏ1சி 6.1. அப்பாவுக்கு எச்பிஏ1சி 8.9, சிறுநீரில் புரதம் இருக்கிறது. புதன்கிழமை மின்டோவுக்குக் கூட்டிப்போகிறேன். சிவாஜிநகரில் பழக்கமான டாக்டரிடம் இருவரையும் காட்டினோம், அப்பாவுக்கு மாத்திரை மாற்றியிருக்கிறார். எனக்கு மாத்திரை வேண்டாம், எடையைக் குறை, நட என்றார். நடந்தால் மட்டும் போதுமா? பேக்கேஜ் போன் தினமும் சாயங்காலம் வருகிறது, எடுப்பதில்லை.

விழித்திரை | வியாழன், இரவு 10:05

நல்ல காரியம் செய்தீர்கள். அப்பாவின் சுகரை ரொம்ப வேகமாக இறக்கினாலும் கண்ணில் கொஞ்ச நாள் பாதிப்பு கூடலாம், அதனால் இந்தக் கண் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். போகும்போது மாத்திரை மாற்றிய சீட்டையும் எச்பிஏ1சி ரிப்போர்ட்டையும் காட்டுங்கள்.

எண்ணிக்கைப்பித்தன் | வியாழன், இரவு 10:30

உங்கள் கேள்விக்கு இந்திய ஆய்வே இருக்கிறது. சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, 2006. உங்களை மாதிரி எல்லைக் கோட்டில் இருந்த 531 பேர், ஏறக்குறைய இரண்டரை வருஷம். நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் மட்டும் இருந்த குழுவில் சுகராக மாறும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கு 26.4. இரண்டையும் சேர்த்துச் செய்தவர்களுக்குக் கூடுதல் லாபம் ஒன்றும் இல்லை. டாக்டர் சொன்னது சரி. அல்சூர் ஏரியைச் சுற்றி நடங்கள், காசில்லை.

தங்கவயல் | வெள்ளி, காலை 7:10

நடுவில் நுழைகிறேன். என் மனைவிக்குப் பிரசவத்தின்போது சுகர் இருந்தது. குழந்தை பிறந்ததும் சரியாகிவிட்டது என்றார்கள். இப்போது பையனுக்கு நாலு வயது. அவள் முகாமுக்குப் போகணுமா?

ஊசிமுனை | வெள்ளி, காலை 7:50

முகாம் வேண்டாம், நேராக லேப். கர்ப்ப காலத்தில் சுகர் வந்தவர்களுக்குப் பின்னாளில் நிரந்தரமாக வருகிற வாய்ப்பு மற்றவர்களைவிடப் பல மடங்கு. ஒன்று முதல் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை சோதிக்க வேண்டும், ஆயுசு முழுக்க. வெறும் வயிற்றில் ஒரு முறை, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு முறை. அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால் அதற்கு முன்னாலேயே.

கே.ஆர். புரம் செயலாளர் | வெள்ளி, காலை 11:20

எங்கள் அபார்ட்மெண்ட் சங்கத்தில் அடுத்த மாதம் இதே மாதிரி முகாம் வைக்கப் பேசிக்கொண்டிருக்கிறோம். இந்த இழையைப் படித்துவிட்டு ஆஸ்பத்திரிக்காரர்களிடம் பாதச் சோதனையும் விழித்திரைக் கேமராவும் கேட்டோம். கேமரா கொண்டுவருகிறோம் என்கிறார்கள், ஆனால் உறுப்பினர் பட்டியலும் நம்பரும் முன்கூட்டியே வேண்டுமாம். கொடுக்கலாமா?

கேப் ஓட்டி | வெள்ளி, மதியம் 12:40

கொடுக்காதீர்கள். வருகிறவர்கள் இஷ்டப்பட்டால் எழுதட்டும். இன்னொன்று, செக்யூரிட்டி, வீட்டு வேலை செய்கிற அம்மாக்கள், டிரைவர்கள் எல்லாரையும் உள்ளே விடுவீர்களா? உங்கள் அபார்ட்மெண்ட் ஆட்களுக்கு ஆபீஸிலேயே வருஷா வருஷம் செக்கப் நடக்கிறது.

கே.ஆர். புரம் செயலாளர் | வெள்ளி, மதியம் 1:15

கூட்டத்தில் இதைச் சொல்கிறேன். ரெண்டு பேர் முணுமுணுப்பார்கள், பார்த்துக்கொள்ளலாம். ஊசிமுனை சார், சங்கத்தின் பக்கம் நாங்கள் என்ன தயார் செய்ய வேண்டும்?

ஊசிமுனை | வெள்ளி, மாலை 4:00

கை கழுவ ஊசி மேஜைக்கு முன்னால் தண்ணீரும் சோப்பும், துடைக்கக் காகிதத் துண்டு. ஈரக் கையோடு வந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். பழமும் டீயும் ஊசிக்கு அந்தப் பக்கம் இருக்கட்டும், வாசலில் வேண்டாம். ஸ்ட்ரிப் டப்பா வெயிலில் இருக்கக் கூடாது, மூடியைத் திறந்தே வைக்கக் கூடாது. சீட்டில் சாப்பிட்ட நேரத்தையும் எழுதச் சொல்லுங்கள். 200க்கு மேல் வருகிறவர்களின் பட்டியல் ஒன்று, அவர்கள் சம்மதத்தோடு, சங்கத்திடமே இருக்கட்டும். இரண்டு வாரம் கழித்து உங்களில் யாராவது ஒருவர் போன் செய்து லேபுக்குப் போனார்களா என்று கேளுங்கள். பக்கத்து நம்ம கிளினிக் முகவரியையும் சீட்டின் பின்பக்கம் அச்சடித்துவிடுங்கள்.

கே.ஆர். புரம் செயலாளர் | வெள்ளி, மாலை 4:25

எங்கள் ஹாலில் வாஷ்பேசின் ஒன்றுதான், அதுவும் ஒழுகுகிறது. பிளம்பரைக் கூப்பிட்டிருக்கிறேன். தேதி முடிவானதும் இங்கேயே போடுகிறேன், வெளியாட்களும் வரலாம்.

காக்ஸ்டவுன் பாட்டி | வெள்ளி, மாலை 5:05

ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்து வையுங்கள். ராகி மால்ட் வைத்தால் வெல்லம் போடாமல், மோர் ஊற்றி உப்புப் போட்டு வையுங்கள். நான் பஸ் ஏறி வருகிறேன்.